நெஞ்சின் படபடப்பும் நிக்காஹ் பேச்சும்

இதயத்தைக் ‘கல்பு’ என்கிறது அரபு மொழி. புரளுதல், மாறுதல் என்னும் பொருள்தரும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. அப்பெயரின் பொருத்தத்தை எம் உறவினர் இல்லமொன்றில் கண்டு கலங்கினோம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் லாரித் தொழிலை நம்பி வாழும் வீடுகள் ஏராளம். பிறவியிலேயே இதய வால்வில் குறையுள்ளதென மருத்துவர் சொல்லியிருந்த அவ்வீட்டுப் பிள்ளை, வாலிபனானதும் லாரி ஓட்டச் சென்றான். திடீரென நெஞ்சு படபடக்கும். சற்று நேரத்தில் தானே அடங்கிவிடும். ‘வாயுக் கோளாறு’ என்றார் அத்தா. ‘கண்ணேறு’ என்றார் நன்னி. நிக்காஹ் பேசிவந்த வேளையாதலால் எவரும் ஆஸ்பத்திரியை நாடவில்லை. நிறுத்தியிருந்த லாரியருகே அவன் மயங்கி விழுந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. ஓட்டுகையில் விழவில்லை, அல்ஹம்துலில்லாஹ்!

அவனுக்கிருந்தது எப்ஸ்டீன் குறை. இதயத்தின் வலப்புறத்து மூவிதழ் வால்வு, தன் இடத்தினின்றும் கீழிறங்கி அமைந்திருப்பதே அது. அன்றைய பிரஷ்யாவின் பிரெஸ்லாவ் நகரில் 1864-இல் மரித்த 19 வயதுத் தொழிலாளி ஒருவரின் இதயத்தில் இதனைக் கண்டு, 1866-இல் எழுதியவர் மருத்துவர் வில்ஹெல்ம் எப்ஸ்டீன். அவ்வாலிபரையும் நெஞ்சுப் படபடப்பு வாட்டியிருந்தது.

வால்வு செவ்வனே மூடாவிடில் இரத்தம் பின்னோக்கிக் கசியும். மேலறை நாளடைவில் விரியும். விரிந்த சுவரில் மின்னோட்டம் நெறிதவறும். எப்ஸ்டீன் குறையுள்ளோர் சிலருக்கு, மேலறையையும் கீழறையையும் இணைக்கும் மிகையான மின்பாதையும் பிறவியிலேயே அமைந்துவிடுகிறது. ஆகவேதான் பிள்ளைப் பருவத்தில் அடங்கியிருந்த குறை வாலிபத்தில் வாய்திறக்கிறது. படபடப்போடு மயக்கமும் வருமாயின் அது அபாய அறிகுறி.

படபடப்பு நிகழும்போதே எடுக்கும் ஈ.சி.ஜி. படம்தான் சிறந்த சாட்சி. அடங்கியபின் எடுத்தால் ஒன்றும் புலப்படாமற் போகலாம். அதற்காகத் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. நாமக்கல்லிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. மருந்துகள் உள்ளன. இரத்தக் குழாய் வழியே மெல்லிய கம்பியைச் செலுத்தி, மிகைப் பாதையைச் சுட்டழிக்கும் சிகிச்சையும் பெருநகர்களில் நடைபெறுகிறது.

நோயைத் தந்த இறைவன் அதற்குரிய நிவாரணத்தையும் தந்துள்ளான் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. சிறுவயதில் வால்வுக் குறை கண்ட பிள்ளைகளை, நலமாய்த் தோன்றினும், ஆண்டுதோறும் மருத்துவரிடம் காட்டுவோமாக! மணம் பேசும்போது மறைப்பது மானமன்று. மாப்பிள்ளை வீட்டார் மறைக்கும் நோய்க்கு விலை கொடுப்பவள் நாளைய மணமகளே. ஒளிவின்றிச் சொல்லி முடிக்கும் சம்பந்தத்தில்தான் பரக்கத் உண்டு.