வாங்கத் தெரியாத கைகள்

மணிமேகலையில் ஆபுத்திரன் கதையை எங்கள் துறையில் இருவர் மாறி மாறி நடத்தி வருகிறோம். பாத்திர மரபு கூறிய காதைக்கு வரும்போது இருவருமே ஓரிடத்தில் தயங்குவோம். மாணவர்களுக்கு அது தெரியாது. தெரிய வேண்டியதுமில்லை என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தோம்.

கதையை நண்பர்கள் அறிவர். தென்மதுரைச் சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்கி, ஊரில் இரந்த சோற்றைக் குருடர்க்கும் செவிடர்க்கும் முடவர்க்கும் ஊட்டிவிட்டு மிஞ்சியதைத் தான் உண்டு, ஓட்டையே தலையணையாக வைத்து உறங்கியவன் ஆபுத்திரன். மழை பெய்த ஒரு நள்ளிரவில் பசியோடு சிலர் வந்து நிற்க, கொடுக்க ஒன்றுமில்லாமல் அவன் தவித்தபோது தேவி அமுதசுரபியைக் கொடுத்தாள். அதன்பின் குறைவில்லை. வரம் தர வந்த இந்திரனைப் பார்த்து அவன் சிரித்தான். பசித்தவர் இல்லாத உங்கள் உலகத்தால் எனக்கு என்ன பயன் என்று கேட்டான். இந்திரன் பழிவாங்கிய விதந்தான் விசித்திரமானது. பாண்டிய நாட்டில் மழையைக் கொட்டிவிட்டான். வயல் விளைந்தது, பசி ஒழிந்தது, ஆபுத்திரனிடம் கையேந்த ஆளில்லை. உண்பதற்கு யாரேனும் உண்டா என்று அவன் தெருத்தெருவாகக் கேட்டுத் திரிந்தான். ஊர் நகைத்தது. அப்போதுதான் கப்பலில் வந்திறங்கியவர்கள், சாவக நாட்டில் மழையின்றி மக்கள் மடிகிறார்கள் என்றனர். உடனே கலம் ஏறினான்.

கடல் கடந்து ஏழைகளுக்கு உதவப் புறப்பட்ட பயணங்களுள் தமிழில் நாங்கள் அறிந்த மிகப் பழைய கதை இதுதான். அது தொடங்குவது மதுரையில். அது போய்ச் சேரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மணிபல்லவத்தில் இறங்கியவனை அறியாமல் கப்பல் போய்விட்டது. ஆளில்லாத தீவில் தனியே உண்ண மனமில்லாத ஆபுத்திரன், அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, பட்டினி கிடந்து உயிர் துறந்தான்.

நாங்கள் தயங்கும் இடம், அவன் தெருவில் அலையும் இடம். ஊரில் பசி தீர்ந்ததற்கு அவன் மகிழ்ந்திருக்க வேண்டாமா? பசித்தவருக்காகக் கொடுப்பவனா, கொடுப்பவனுக்காகப் பசித்தவரா? சாத்தனார் இதற்கு விடை சொல்லாமல் கடந்துபோகிறார். நாங்களும் கடந்துபோனோம், சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போய் வரும்வரை.

உசிலம்பட்டிக்கு மேற்கே மானாவாரி ஊர் ஒன்று. ஏழு நாள் சிறப்பு முகாம். மாணவர்கள் ஐம்பது பேர், ஆசிரியர் நாங்கள் இருவர். பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்தோம், ஓடையில் கருவேல முள் வெட்டினோம், கண் பரிசோதனை நடத்தினோம், ஒவ்வொன்றையும் பதாகையோடு படம் எடுத்தோம். மதுரையிலிருந்தே சமையல்காரரை அழைத்துச் சென்றிருந்தோம். நான்காம் நாள் நண்பகல், காலனிப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்த மாணவர்களிடம் மூதாட்டி ஒருவர் தூக்குவாளி நிறையக் கம்மங்கூழும் ஒரு தட்டில் உரித்த சின்ன வெங்காயமும் கொண்டுவந்து வைத்தார். மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்தனர். பிறகு எங்களைப் பார்த்தனர். "சாப்பிட்டுவிட்டோம் பாட்டி" என்றான் ஒருவன். சாப்பிட்டிருக்கவில்லை. நாங்களும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, நேரமாகிவிட்டது என்பதுபோல் ஏதோ சொன்னோம்.

அவர் கோபப்படவில்லை. "ஏய்யா, குடுக்க மட்டுந்தான் வந்தீகளா? எங்க கையால வாங்கிக்கிட மாட்டீகளோ?" என்று கேட்டுவிட்டு, தூக்குவாளியை மூடி எடுத்துக்கொண்டு போனார்.

அந்தத் தயக்கத்தில் எவ்வளவு வெயில், எவ்வளவு கூச்சம், எவ்வளவு சாதி என்று பிரித்துச் சொல்ல எங்களால் முடியவில்லை. மூன்றாவது அறவே இல்லை என்று சொல்லத் துணியவும் இல்லை.

ஊர் திரும்பியபின், மதுரைக்கு இதுபோல் கொடுக்க வந்தவர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். 1606இல் வந்த இத்தாலியரான ராபர்ட் தெ நோபிலி, காவி உடுத்து, புலால் நீத்து, பிராமணர் ஒருவரைச் சமையலுக்கு வைத்துக்கொண்டு, தத்துவ போதகராக வாழ்ந்தார். பறங்கி என்ற பெயரிலிருந்து விலக வேண்டுமென்று, அதற்கு முன்பே இங்கே பரதவக் கிறித்தவரிடையே பணிசெய்துவந்த பெர்னாண்டஸ் பாதிரியாரிடமிருந்து விலகி வாழ்ந்தார். அவருடைய தமிழுக்கும் துணிவுக்கும் நாம் கடன்பட்டவர்கள்தாம். ஆனாலும் அந்தச் சமையல்காரரைப் பற்றிப் படித்தபோது எங்களுக்கு எங்கள் சமையல்காரர் நினைவு வந்ததை மறைப்பதற்கில்லை.

அமெரிக்க மிஷன் 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது. திருமங்கலத்தில் 1842இல் தொடங்கிய அவர்களுடைய கல்விச்சாலை 1845இல் பசுமலைக்கு மாறியது. பள்ளி, மருத்துவமனை, கல்லூரி என்று அவர்கள் கட்டியவற்றை மதுரைக்காரருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எங்களை நிறுத்திவைத்தது 1847ஆம் ஆண்டு. சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லோரும் ஒன்றாக அமர்ந்து உண்ண வேண்டும் என்று மிஷன் வற்புறுத்தியது. வேதம் சொல்லிக்கொடுத்துவந்த உபதேசியார் பலர் அந்தப் பந்தியில் உட்கார மறுத்து, சபையை விட்டு நீங்க நேர்ந்தது. ஞானஸ்நானத்தை ஏற்றுக்கொள்ள முடிந்தது, ஒரு பிடி சோற்றை முடியவில்லை. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பந்தி உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு தூக்குவாளியாக எங்கள் முன் வந்து நின்றது.

இந்த வரிசையில் எங்கள் மனத்தில் தங்கிப்போனவர் ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான். 1898இல் பிறந்த அமெரிக்கர். 1925இல் இந்த மிஷனின் ஊழியராக மதுரைப் பகுதிக்கு வந்தார். கொடுக்க வந்தவர்தாம். ஆனால் இங்கே ஒன்றை வாங்கிக்கொண்டார். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதி வீட்டிலிருந்து அரையாடையோடு வெளியே வந்தாரே ஒருவர், அவரிடமிருந்து. நோபிலியின் காவி மேலே இருப்பவர் மதிக்கும் உடை; கெய்தான் உடுத்த கதரோ ஆள்வோர் வெறுத்த உடை. காந்தியிடம் காட்டிய ஈடுபாட்டுக்காக 1930இல் அவர் இந்தியாவை விட்டுப் போக நேர்ந்தது. திரும்பி வந்தார். 1944இல் மறுபடியும் வெளியேற்றப்பட்டார். விடுதலைக்குப்பின் மறுபடியும் வந்தார். டாக்டர் சௌந்தரம் அம்மையார் 1947இல் சின்னாளப்பட்டி அருகே தொடங்கிய காந்திகிராமத்தோடு தம்மைப் பிணைத்துக்கொண்டு, 1984இல் இறக்கும்வரை இந்த நாட்டுக்காரராகவே இருந்தார்.

அமெரிக்கன் கல்லூரிப் படிப்பை 1930இல் உதறிய ஜெகந்நாதன், பெங்களூர்ச் சேரிகளில் கெய்தானோடு பணியாற்றினார். பின்னாளில் அவரும், வத்தலக்குண்டுப் பக்கத்து அய்யன்கோட்டையில் தலித் குடும்பமொன்றில் பிறந்து 1950இல் அவரை மணந்த கிருஷ்ணம்மாளும், கீழத் தஞ்சையில் நிலமற்ற பெண்களுக்கு நிலம் வாங்கித் தந்தார்கள். கவனிக்க வேண்டும், கஞ்சி அன்று, நிலம். நிலம் பெற்றவள் அடுத்த ஆண்டு கையேந்தி வரமாட்டாள். ஆபுத்திரனுக்கு வந்த சங்கடம் இவர்களுக்கும் வரும், வரட்டும் என்று துணிந்துதான் கொடுத்திருக்கிறார்கள்.

தம்மை வெளியேற்றிய நாட்டுக்கு இருமுறை திரும்பி வர ஒருவரை எது இழுக்கும்? இங்குள்ள வறுமை மட்டும் என்றால் நம்புவதற்கில்லை. வறுமை அன்று உலகெங்கும் இருந்தது, அமெரிக்காவிலும் இருந்தது. இங்கே அவர் பெற்றுக்கொண்டது ஏதோ இருந்திருக்க வேண்டும். இப்படி நினைப்பது எங்களுக்கு ஆறுதலாகவும் இருக்கிறது, உறுத்தலாகவும் இருக்கிறது.

இந்த ஆண்டு முகாமுக்கும் அதே ஊரைக் கேட்டு எழுதியிருக்கிறோம். சமையல்காரரை அழைத்துப்போவதில்லை, காலனி வீடுகளில் அரிசி பருப்பைக் கொடுத்து அவர்கள் சமைப்பதையே உண்பது என்று எங்களில் ஒருவர் சொன்னார். மாணவர்களுக்கு வயிற்றுக்கு ஆகாமல் போனால் பெற்றோருக்கு யார் பதில் சொல்வது என்றார் மற்றவர். அதோடு, அரிசியைக் கொடுத்துவிட்டு உண்டால் அதுவும் நாம் கொடுத்ததுதானே என்றும் கேட்டார். பேச்சு இன்னும் முடியவில்லை. அந்த மூதாட்டியின் பெயரை நாங்கள் இருவருமே கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டோம் என்பது நேற்றுத்தான் நினைவுக்கு வந்தது.