முதற்பூ

சிவப்புச் சால்வியாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெயரை அறிந்திருக்க வாய்ப்புக் குறைவு. பூங்காக்களின் நடைபாதை ஓரங்களிலும் அலுவலக வாயில்களிலும் முழங்கால் உயரத்தில் நின்று, கதிர்போல் நிமிர்ந்து, தீக்கங்கின் நிறத்தில் பூத்திருக்கும் செடி அது. பிரேசில் நாட்டைத் தாயகமாகக் கொண்டது. நம் ஊரில் தோட்டவேலை செய்வோரும் அதனைச் சால்வியா என்றே அழைக்கின்றனர்.

தொலைவிலிருந்து வந்ததாயினும் அது நமக்கு அந்நியமன்று. அதன் தண்டை இரு விரல்களுக்கிடையே வைத்து உருட்டிப் பாருங்கள். உருளாது, நான்கு பட்டையாக இடறும். இலைகள் எதிரெதிரே இணையாக அமைந்திருக்கும். பூவுக்கு இரண்டு உதடுகள். துளசிக்கும் தும்பைக்கும் கற்பூரவல்லிக்கும் இதே அடையாளங்கள் உண்டு. அனைத்தும் லேமியேசி என்னும் ஒரே குடும்பம். சால்வியா பேரினத்தில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் சிற்றினங்கள் உள்ளன. கடைகளில் விற்கும் சியா விதையும் ஒரு சால்வியாவின் விதையே. நலமாயிருத்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது இப்பெயர்.

இவற்றை நான் நூல்களில் படித்தேன். செடியை அறிந்தவர் என் அம்மா. உதகைக்கு அருகே ஒரு நாற்றுப்பண்ணையில் 22 ஆண்டுகள் நாட்கூலியாக வேலை செய்தவர்.

மலையில் ஆண்டின் கணக்கு மே மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணப்படும். 1848ஆம் ஆண்டில் மக்ஐவர் என்னும் ஸ்காட்லாந்துத் தோட்டக்கலைஞரைக் கொண்டு அமைக்கத் தொடங்கிய உதகைத் தாவரவியல் பூங்காவில் மலர்க்காட்சி நடப்பது மே மாதத்தில்தான். சுற்றுலா விடுதிகளும் மாளிகைகளும் தங்கள் முற்றங்கள் அப்போது நிறைந்திருக்க வேண்டும் என்று விரும்பும். அதற்கு மாசியிலேயே விதை மண்ணில் விழுந்துவிட வேண்டும். விதையை ஆழப் புதைத்தலாகாது. மேலே மண்ணை மெல்லத் தூவினால் போதும். பத்து, பதினைந்து நாள்களில் முளை தெரியும். ஈரம் மிகுந்தால் நாற்று அடித்தண்டில் அழுகிச் சாயும்; குறைந்தால் வாடும். அம்மா பூவாளியைத் தூக்குமுன் மண்ணைத் தொட்டுப் பார்ப்பார். நாள்தோறும் ஒவ்வொரு தட்டையும் அவ்வாறு தொட்டே நீர் விடுவார்.

நான்கு இணை இலைகள் வந்ததும் நுனியைக் கிள்ளவேண்டும். நுனியில் சுரக்கும் ஆக்ஸின் என்னும் வளரூக்கி, பக்க மொட்டுகளை உறங்க வைத்திருக்கும். நுனி போனதும் அவை விழித்துக்கொள்ளும். ஒரு தண்டு நின்ற இடத்தில் நான்கைந்து கிளைகள் எழும். முந்திக்கொண்டு தலைகாட்டும் முதற்பூக் கதிரையும் விட்டுவைப்பதில்லை. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான செடிகள். கட்டைவிரல் நகமே கத்தி. நகக்கண்ணில் ஏறிய பச்சைக்கறை வைகாசி வரையிலும் போகாது.

செடிகள் சிவக்கத் தொடங்கும் நாளில் சரக்குந்து வந்து நிற்கும். தொட்டிகள் ஏறிப்போகும். மலர்க்காட்சிக் காலத்தில் பண்ணையில் விடுப்பு இல்லை. ஆகவே தாம் கிள்ளி வளர்த்த செடிகள் நிறைந்து பூத்திருந்ததை அம்மா ஒருமுறையும் பார்த்ததில்லை. இதை அவர் குறையாகச் சொன்னதில்லை. நான் கேட்டபோதுதான், "நமக்கு மொட்டுதானே தெரியும்" என்றார்.

முழங்கால் தேய்ந்து, தரையில் அமரலாகாது என்று மருத்துவர் சொன்னபின், அம்மா கோயம்புத்தூரில் என் வீட்டுக்கு வந்தார். முதல் சில மாதங்கள் அவர் கைகள் வேலையின்றி மடியில் கிடந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இடுப்புயர மேடை கட்டி, 12 மண்தொட்டிகளை அதன்மேல் வைத்தேன். நான் குனிந்து வேலை செய்யத் தரையில் ஒரு பாத்தி.

மலையின் நாட்காட்டி சமவெளிக்குப் பொருந்தாது. இங்கே புரட்டாசி வெயில் தணிந்தபின் விதைத்தால் மார்கழியில் பூக்கும்; பங்குனி வெப்பத்தில் சோரும். இடையில் வடகிழக்குப் பருவமழையைத் தாண்டவேண்டும். பாத்தியைத் தரைமட்டத்திலிருந்து அரையடி உயர்த்தி, மக்கிய தொழுவுரம் கலந்து, செடிக்குச் செடி ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக இடம்விட்டு நட்டோம். பாத்தியின் செடி வேரை ஓட்டித் தானே ஈரம் தேடிக்கொள்ளும். ஒருநாள் நாம் வெளியூர் சென்றாலும் பொறுக்கும். தொட்டிச்செடிக்கு அந்த வழி இல்லை. அடித்துளையில் ஓட்டாஞ்சில்லு வைத்து, செம்மண்ணும் மணலும் உரமும் சம அளவாக இட்டாலும், வெயில் ஏறினால் மாலைக்குள் காய்ந்துவிடும். நீர் விட விட உரமும் கரைந்து வெளியேறும். அதற்கு ஒருவர் கை நாள்தோறும் வேண்டும். அம்மாவுக்கு அதுவே வேண்டியிருந்தது. பாத்தியை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "அதுக்கு நான் வேண்டாம்" என்பார்.

நான்கு இணை இலைகள் வந்த நாளில் மேடையருகே நின்று ஒவ்வொரு தொட்டியாகக் கிள்ளிக்கொண்டு வந்தார். 11 தொட்டிகள் முடிந்தன. பன்னிரண்டாவதன்முன் சற்று நின்று, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா, இதை மட்டும் விட்டுட்டீங்க?"

"இது எங்கேயும் போகப் போறதில்லையே."

அந்தச் செடி மற்றவற்றைவிட ஏறத்தாழ மூன்று வாரம் முன்னதாகப் பூத்தது, ஒற்றைக் கதிர்தான். உள்ளிருக்கும் குழல்போன்ற அல்லி சில நாள்களில் உதிர்ந்துவிட்டது. சூழ்ந்திருக்கும் புல்லிவட்டமும் சிவப்பாகையால் கதிர் நெடுநாள் வாடாததுபோல் நின்றது. பிரேசிலில் இப்பூவைத் தேடி வருவது ஓசனிச்சிட்டு. எங்கள் வீட்டுக்கு வந்தது ஊதாத் தேன்சிட்டு. கதிரிலேயே தொற்றிக்கொண்டு தலைகீழாக அலகை நுழைத்தது. அம்மா நாற்காலியை மேடைக்கு நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மற்ற 11 தொட்டிகளும் தை பிறந்தபோது கிளைகிளையாகப் பூத்தன. தெருவில் போவோர் நின்று பார்த்தனர். பக்கத்து வீட்டார் நாற்றுக் கேட்டனர். மாசி இறுதியில் புல்லிவட்டங்கள் வெளுத்துக் காய்ந்ததும், அம்மா அவற்றைக் காகிதத்தில் உதிர்த்தார். ஒவ்வொன்றின் அடியிலும் நான்கு விதைகள் வரை இருந்தன. கேட்டவர்களுக்கெல்லாம் பொட்டலம் மடித்து, புரட்டாசி என்று மேலே எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டாம் தொட்டியின் விதைகளை மட்டும் தனியே கட்டி அரிசிப்பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.