சூதாடுகளமும் கைத்தொலைபேசியும்

சூதாட்டத்தைச் சட்டம் எவ்வாறு நோக்கி வந்துள்ளது என்று ஆராயப் புகுவோர்க்கு முதலிற் புலப்படுவது, அது ஆட்டத்தைக் காட்டிலும் ஆடுமிடத்தையே தேடிச் சென்றது என்பதாகும். இலங்கையின் 1889ஆம் ஆண்டுச் சூதாட்டக் கட்டளைச் சட்டம் 'பொதுச் சூதாடுமிடம்' என்னும் கருத்தையே அச்சாணியாகக் கொண்டிருந்தது. தமிழகத்தில் 1930இல் எழுந்த சட்டமும் இவ்வழிப்பட்டதே. வீடொன்று இருக்கவேண்டும், அதற்கொரு வாசல் இருக்கவேண்டும், பொலிசார் அவ்வாசலாற் புகுந்து சீட்டுக்கட்டையும் காசையும் கைப்பற்றவேண்டும். பாரதக் கதையிலுங்கூடச் சூதுக்கென ஒரு மண்டபம் கட்டப்பட்ட பின்னரே தருமன் அழைக்கப்பட்டான்.

எமது தோப்பூருக்கும் சூது புதிதன்று. பெரும்போக அறுவடை முடிந்து கையிற் காசு புழங்கும் நாட்களில் மரநிழலிற் சீட்டாடியோர் இருந்தனர் என மூத்தோர் கூறுவர். ஆயினும் அவ்வாட்டத்தைச் சுற்றி ஊர் இருந்தது. எவன் எவ்வளவு தோற்றான் என்பது மஃரிபுக்கு முன்னரே அவன் மாமனார் காதுக்கு எட்டிவிடும். கடைக்காரர் கடன் கொடுக்க மறுப்பார். பொழுது சாய்ந்தாற் சீட்டுத் தெரியாது. ஆட்டம் தானாகவே நின்றுவிடும். இக்கட்டுப்பாடுகளை எந்தச் சட்டசபையும் இயற்றவில்லை.

இன்று எமதூர் இளைஞரிடையே பரவியுள்ள ஆட்டங்களுள் ஒன்று பின்வருமாறு அமைவது. திரையில் ஒரு விமானம் மேலெழும்பும். அது எழும்ப எழும்ப வைத்த பணம் பெருகிக்கொண்டே போகும். விமானம் மறையுமுன் நிறுத்தியவன் வென்றான். நிறுத்தாதவன் அனைத்தையும் இழந்தான். ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடமும் ஆவதில்லை. சீட்டாட்டத்தில் ஒருவன் தோற்றது மற்றொருவனுக்குப் போயிற்று, இருவரும் ஊரவர். இங்கே எதிரில் இருப்பது, தனக்குரிய விகிதத்தை முன்னரே கணித்து ஒதுக்கிக்கொண்ட ஒரு வியாபாரம். நீண்ட நேரம் ஆடுபவன் தோற்பது அவனது கெட்டகாலத்தால் அன்று, கணக்கினால்.

எனது சாச்சியின் மகன் இவ்வாறுதான் ஒரு போகத்தின் நெல்விற்ற பணத்தை இழந்தான். தொடர்ந்து சாச்சியின் தாலிக்கொடியும் அடகுக்குப் போயிற்று. செய்தி வெளிவந்தபோது சாச்சி என்னிடம் கேட்டது இன்னும் நினைவிலுள்ளது: "குடிச்சா மணக்கும் மகன், இது மணக்கவும் இல்லையே. நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிற?" தடையா ஒழுங்குபடுத்தலா என விவாதிப்போர் இவ்வினாவிற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள் என்பது எனது எண்ணம்.

தமிழகத்து அனுபவம் இவ்விடத்து நோக்கற்பாலது. 2020இல் ஓர் அவசரச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 2021இல் ஒரு சட்டமும் வந்தன. அச்சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஓகஸ்டிலேயே செல்லாதென்றது. 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு அறிக்கை தந்தது. சட்டசபை நிறைவேற்றிய சட்டமூலத்தை ஆளுநர் திருப்பியனுப்ப, சபை மீண்டும் நிறைவேற்ற, 2023 ஏப்ரிலில் அது சட்டமாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்ட போதிலும், ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு விளையாட்டுகளாகக் கொண்ட பகுதியை நீக்கியது. ரம்மி திறமை சார்ந்தது என 1968இலேயே இந்திய உச்சநீதிமன்றம் தீர்த்திருந்தது இதற்குத் துணையாயிற்று. நான்குபேர் நேரிலமர்ந்து ஆடிய ரம்மிக்குக் கூறிய நியாயத்தை, இரவு முழுதும் முகந்தெரியாதாரோடு ஆடும் ரம்மிக்கும் பொருத்தியமை எனக்கு உடன்பாடன்று. திறமை இருந்தாற் கடன் வராதா?

2025 ஓகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் இப்பேதத்தையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்தாடும் இணைய விளையாட்டு அனைத்தையும் தடைசெய்தது. ஆடுபவனை விடுத்து ஆட்டுவிப்பவனையே அது தண்டிக்க முற்பட்டது. அத்துடன் வங்கிகள் அப்பணத்தைக் கடத்துவதையும் தடுத்தது. அதே 2025இல் இலங்கைப் பாராளுமன்றமோ சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றி, இணையச் சூதையும் அனுமதிப்பத்திர முறைக்குள் அடக்க முனைந்தது. பாக்கு நீரிணையின் இரு கரைகளும் ஒரே ஆண்டில் இருவேறு திசையிற் சென்றன.

தடை விதித்தால் ஆடுவோர் வெளிநாட்டுத் தளங்களுக்குச் செல்வர் என்பது ஒழுங்குபடுத்தலை ஆதரிப்போரின் வாதம். இது பொய்யன்று. ஆனால், எங்கு சென்றாலும் பணம் ஏதேனுமொரு வங்கியையோ கைத்தொலைபேசிக் கணக்கையோ கடந்தே செல்லவேண்டியுள்ளது. அன்றைய சட்டத்திற்கு வாசல் எவ்வாறோ, இன்றைய சட்டத்திற்கு இக்கணக்குகள் அவ்வாறு. அதை அடைக்காத தடை வீண். அதை அடைக்கும் அதிகாரமில்லாத ஒழுங்குபடுத்தலும் வீண். மேலும், 1988ஆம் ஆண்டின் அறவீட்டுச் சட்டத்தின் வழி சூதாட்டத் தொழிலில் அரசுக்கும் பங்குண்டு. பங்கு பெறுபவரே காவலராகவும் இருக்கையில் ஐயம் எழாதிருக்க முடியாது. (குர்ஆன் மைஸிரை விலக்கியதும் குறள் சூதுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியதும் எமதூரில் அனைவரும் அறிந்ததே. அறியாமையால் எவரும் ஆடுவதாக நான் கருதவில்லை.)

தமிழகம் 2025இல் விதித்த ஒழுங்குகளுள் ஒன்று என்னை நெடுநேரம் சிந்திக்கச் செய்தது. நள்ளிரவு முதல் அதிகாலை ஐந்து மணிவரை பணம் வைத்தாடும் ஆட்டம் கூடாது என்பதே அது. நகரத்தார்க்கு அது உறங்கும் நேரம். எமது வயல்களில் யானைக்காவல் இருக்கும் நேரமும் அதுவே. கதிர் முற்றிய நாட்களில் இளைஞர்கள் பரணில் விழித்திருப்பர். தூக்கத்தைப் போக்கக் கையிலிருப்பது தொலைபேசி ஒன்றே. சாச்சியின் மகன் ஆடத்தொடங்கியது அப்பரணிலிருந்துதான். அவ்வருடம் அவர்கள் வயலில் யானை இறங்கவில்லை.