மேசை விரிப்பின் அடியில்

நுழையும்முன்

ஓரிடத்தில் அமர இயலாத குழந்தை எல்லா ஊர்களிலும் உண்டு. அக்குழந்தையைக் கண்டு எழும் சிரிப்பும் எல்லா ஊர்களிலும் உண்டு. அச்சிரிப்பு குழந்தைக்கு என்ன செய்கிறது என்பதை எண்ணிப் பார்க்கத் தூண்டுகிறது இக்கட்டுரை.

பரிசாகப் பிறந்த நூல்

1844ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்து மருத்துவர் ஹைன்ரிக் ஹாஃப்மன், தம் மூன்று வயது மகனுக்குப் பரிசளிக்கப் படக்கதை நூல் ஒன்றைத் தேடிக் கடைகளில் ஏறி இறங்கினார். கண்ணில் பட்டவை எல்லாம் நீண்ட அறிவுரைகளாகவே இருந்தன. இறுதியில் எழுதப்படாத குறிப்பேடு ஒன்றை வாங்கி வந்து, கதையையும் படத்தையும் தாமே ஆக்கினார். நோயுற்ற குழந்தைகள் மருத்துவரைக் கண்டு அஞ்சி அழும்போது, தாளில் வேடிக்கைப் படம் வரைந்து அவர்களை அமைதிப்படுத்துவது அவரது வழக்கம். அந்தக் கைப்பழக்கம் இப்போது துணைநின்றது. 1845இல் அந்நூல் அச்சேறியது. 'களிப்பூட்டும் கதைகளும் வேடிக்கைப் படங்களும்' என்பதே முதற்பதிப்பின் தலைப்புக்குப் பொருள். பின்னர் 'ஸ்ட்ருவெல்பீட்டர்' என்னும் பெயரால் அது உலகப் புகழ் பெற்றது.

பின்வந்த பதிப்புகளில் சேர்ந்த கதைகளுள் ஒன்றன் தலைவன் பிலிப் என்னும் சிறுவன். உணவு மேசையில் இன்றாவது அமைதியாக அமர்வானா என்று தந்தை கேட்கிறார். தாய் ஒன்றும் பேசாமல் பார்த்திருக்கிறாள். பிலிப் நெளிகிறான்; நாற்காலியை முன்னும் பின்னும் ஆட்டுகிறான்; நாற்காலி சாய்கிறது. விழும்போது அவன் பற்றியது மேசை விரிப்பு. தட்டும் கிண்ணமும் உணவும் அவனோடு தரைக்கு வருகின்றன.

மற்றொரு கதையின் தலைவன் ஹான்ஸ். அவன் பார்வை எப்போதும் மேகத்திலும் பறவையிலும் இருக்கும், காலடியில் இராது. ஒருநாள் நாயின்மேல் மோதி விழுகிறான். பிறிதொரு நாள் பள்ளிக்குரிய பையுடன் நடந்து நேரே ஆற்றுக்குள் விழுகிறான். இருவர் அவனைக் கரையேற்றுகின்றனர். பையோ நீரோடு போகிறது. அவனைக் கண்டு ஆற்று மீன்களும் சிரிக்கின்றன.

இவற்றை இன்று படிக்கும் மருத்துவருக்குக் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு, அதாவது ஏடிஎச்டி, நினைவுக்கு வரும். பிலிப்பிடம் மிகையியக்கமும் ஹான்ஸிடம் கவனச்சிதறலும் தெரிகின்றன. ஹாஃப்மன் எழுதியது நோய்க்குறிப்பன்று, கதையே. ஆயினும் ஜெர்மானியர் இன்றும் பேச்சுவழக்கில் இக்கோளாறைப் பிலிப்பின் பெயரால் சுட்டுகின்றனர்.

இரண்டு கதைகளும் சிரிப்பூட்டுவன. ஆனால், பிலிப்பின் கதை முடியும்போது சிறுவனைக் காணவில்லை. அவன் விரிப்புக்கு அடியில் மறைந்து கிடக்கிறான். பெற்றோர் போன உணவை எண்ணிச் சினந்து நிற்கின்றனர். 'அடிபட்டதா?' என்றோ, 'ஏன் உன்னால் அமர முடியவில்லை?' என்றோ எவரும் கேட்கவில்லை.

பெயர்கள் சுமத்திய பழி

'ஏன்' என்று கேட்க மருத்துவ உலகுக்கு நெடுங்காலம் ஆயிற்று. 1902இல் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் இலண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், அறிவில் குறையில்லாமலே தம்மைக் கட்டுப்படுத்த இயலாத குழந்தைகளைப் பற்றிப் பேசினார். அவர் கூர்ந்து நோக்கினார். எனினும், அதனை 'ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை' என்றே குறித்தார். பெயரிலேயே பழி ஒட்டிக்கொண்டது.

1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்னும் மருத்துவர், தம் மருத்துவ இல்லத்தில் இருந்த 30 குழந்தைகளுக்கு ஊக்கமருந்து வகையைச் சேர்ந்த ஒன்றை அளித்தபோது வியப்பான மாற்றத்தைக் கண்டார். ஏறத்தாழப் பாதிப் பேர் பள்ளிப் பாடங்களில் திடீரென முன்னேறினர். குழந்தைகள் அதற்குத் தாமே 'கணக்கு மாத்திரை' என்று பெயரிட்டனர். இதுவும் நகைச்சுவைதான்; ஆனால், இங்கே சிரித்தவர்கள் குழந்தைகள்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு 1980இல் கவனக்குறைவைப் பெயரிலேயே குறித்தது. 1987இல் இன்றைய பெயரை ஏற்றது. 2007இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மூளையின் வளர்ச்சியைப் படம்பிடித்து ஒப்பிட்டனர். மூளைப் புறணி முழுத் தடிமனை எட்டும் நடுவயது பிற குழந்தைகளிடம் ஏழரை ஆண்டாகவும், இக்கோளாறுடைய குழந்தைகளிடம் பத்தரை ஆண்டாகவும் இருந்தது. வளர்ச்சியின் வரிசை ஒன்றே, வேகமே வேறு. குழந்தையின் திமிரோ தாயின் வளர்ப்போ இதற்குக் காரணமன்று. மரபுக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்பதை இரட்டையர் ஆய்வுகள் காட்டியுள்ளன.

மரபின் பங்கை அறிய ஆய்வுக்கூடம் வரை செல்லாமலே உணர்த்தக்கூடியவர் வீட்டுப் பாட்டி. பேரன் பொருள்களைத் தொலைப்பானா, பேசும்போது குறுக்கிடுவானா என்று மருத்துவர் கேட்டுக்கொண்டே போக, "எல்லாம் சரிதாங்க ஐயா. ஆனா நீங்க கேக்குறது பேரனையா, என் மகனையா?" என்று அவர் வினவினால், அருகில் அமர்ந்திருக்கும் தந்தை தாம் எங்கோ வைத்து மறந்த வண்டிச் சாவியைத் தேடத் தொடங்குவார்.

காவலர் இல்லாத மண்டபம்

கவனம் என்பது வாசற்காவலர் போன்றது. திருமண மண்டபத்தின் வாசலில் நிற்பவர், அழைக்கப்பட்டவரை உள்ளே விடுவார். மற்றவரைச் சற்று நிறுத்துவார். இக்குழந்தையின் மண்டபத்திலோ காவலர் அடிக்கடி தேநீர் அருந்தப் போய்விடுகிறார். ஆசிரியரின் குரல் உள்ளே வருகிறது; அதனோடு மின்விசிறியின் ஓசையும், சன்னலோரத்து அணிலும், நேற்றைய கிரிக்கெட்டும் வந்து பந்தியில் அமர்கின்றன. பாவம், மூளை எல்லாருக்கும் இலை போடுகிறது. கணக்குப் பாடத்துக்கு இடமில்லாமல் போகிறது. சில வேளைகளில் காவலர் ஒரே விருந்தினரை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிவிடுவதும் உண்டு. அப்போது விருப்பமான ஒன்றில் மணிக்கணக்காக ஆழ்ந்திருப்பான். 'பிடித்ததை மட்டும் செய்கிறான். எல்லாம் நடிப்பு' என்று பெரியவர்கள் கருதுவது இதனால்தான்.

உலக அளவில் நூறு குழந்தைகளுள் ஏறத்தாழ ஐவரிடம் இந்நிலை காணப்படுகிறது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இருவர் இருக்கலாம். அவர்களுள் ஒருத்தி எவருக்கும் தொல்லை தராமல், ஹான்ஸைப்போலச் சன்னலுக்கு வெளியே பார்த்திருக்கலாம். ஓசையெழுப்பாத காரணத்தாலேயே இத்தகைய பெண்குழந்தைகள் பலர் காலந்தாழ்ந்து அறியப்படுகின்றனர். அதே நேரத்தில், ஓடியாடும் குழந்தைகளுக்கெல்லாம் இப்பெயரைச் சூட்டுதல் தவறு. பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் தோன்றியிருத்தல், ஆறு மாதமேனும் நீடித்தல், வீடு பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்படுதல், அன்றாட வாழ்வைப் பாதித்தல் ஆகியவற்றை ஆராய்ந்தே மருத்துவர் முடிவு செய்வார்.

பருப்பும் லாரியும்

பிராங்க்பர்ட்டின் உணவு மேசை தமிழ் வீடுகளில் பந்திப்பாயாக மாறலாம், குழந்தை மாறுவதில்லை. 'காலில் சக்கரம் கட்டியவன்', 'வாலில்லாக் குரங்கு' என்று செல்லமாகத் தொடங்கும் பெயர்கள், மதிப்பெண் பட்டியல் வந்த நாளில் 'சோம்பேறி', 'அடங்காதவன்' என்று முடிகின்றன.

கடைக்கு அனுப்பப்படும் சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். வாங்க வேண்டியவை உளுந்தம்பருப்பும் கறிவேப்பிலையும். வழியில் லாரி ஒன்றன் சக்கரம் பள்ளத்தில் இறங்கியிருக்கிறது. அரைமணி நேரம் கழித்து வீடு திரும்பும் அவன், லாரியை எத்தனை பேர், எவ்வாறு தூக்கினர் என்பதை மூச்சுவிடாமல் விவரிக்கிறான். பை வெறுமையாக இருக்கிறது.

"லாரியைத் தூக்கிவிட்டு வந்துட்டே ராசா, பருப்பைத் தூக்கிட்டு வந்தியா?" என்று தாய் கேட்கிறாள். அவன் பையைப் பார்க்கிறான். அவனுக்கே சிரிப்பு வருகிறது. இருவரும் சிரித்து முடித்தபின், தாய் இரண்டு பொருள்களையும் தாளில் எழுதிப் பையின் காதில் கட்டுகிறாள். இம்முறை பருப்பு வந்துவிடுகிறது, கறிவேப்பிலை வரவில்லை. "ரெண்டுல ஒண்ணு வந்தாச்சு" என்று அவள் தாளிக்கத் தொடங்குகிறாள்.

இதே நிகழ்வை அடுத்த வாரம் உறவினர் நிறைந்த கூடத்தில் ஒருவர் எடுத்துரைத்து, 'லாரிக்காரன்' என்று அவனுக்குப் பெயரும் சூட்டினால் என்னாகும்? சொற்கள் ஏறக்குறைய அவையே, சிரிப்பும் அதுவே. ஆனால், இப்போது சிரிக்காதவன் அவன் ஒருவனே. அடுத்த முறை பருப்பை மறந்தால், 'கடை மூடியிருந்தது' என்பான். மேசை விரிப்புக்கு அடியில் ஒளிந்துகொள்ள அவன் கற்றுவிட்டான்.

சிரிப்பு நல்லதா, தீயதா என்பதை அறிய இதுவே அளவுகோல்: அடுத்த முறை தவறும்போது குழந்தை உண்மையைச் சொல்லிக்கொண்டு வருகிறதா, பொய்யைத் தேடிப் போகிறதா?

விரிப்பை விலக்குதல்

சிரிப்பு மட்டும் போதாது. தாய் கட்டிய தாளும் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, கண்ணில் படும் இடத்தில் பட்டியல், பத்து நிமிடப் படிப்பும் சிறிது நடையும், நன்றாகச் செய்த அப்பொழுதே ஒரு பாராட்டு ஆகியவை பெரிதும் உதவும். வகுப்பில் முன்வரிசை இருக்கையும், கரும்பலகையைத் துடைக்கும் பொறுப்பும் தந்தால், எழுந்து நடப்பது குற்றமாகாமல் பணியாகிவிடும். பெற்றோருக்கான பயிற்சியும், தேவைப்பட்டால் மருத்துவர் மேற்பார்வையில் மருந்தும் பயன் தருவன.

2016இல் அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸின் மருத்துவக் குறிப்புகளை இணையத் திருடர்கள் வெளியிட்டனர். சிறுவயது முதல் தமக்கு ஏடிஎச்டி இருப்பதையும், அதற்கு மருந்து உட்கொள்வதையும் மறைக்காமல் உரைத்த அவர், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். அவ்வாண்டு ஒலிம்பிக்கில் அவர் வென்ற தங்கங்கள் நான்கு. எல்லாக் குழந்தைகளும் தங்கம் வெல்ல வேண்டியதில்லை. ஆனால், வெட்கமின்றித் தன் நிலையைச் சொல்லும் உரிமை எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு.

ஹாஃப்மனின் கதை விழுந்த மேசையோடு நின்றுவிட்டது. அதன் அடுத்த காட்சியை வீடுகளும் வகுப்பறைகளும் எழுதலாம். உடைந்த தட்டுகளைப் பிறகு பொறுக்கிக்கொள்ளலாம். முதலில் ஒருவர் குனிந்து, விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, உள்ளே இருப்பவனிடம், "அடி பட்டுச்சா கண்ணு? வெளியே வா, சேர்ந்து எடுத்து வைப்போம்" என்று சொல்ல வேண்டும்.