ஃபார்மேட் அடிப்பதற்கு முன்

கம்ப்யூட்டரில் எது கெட்டாலும் நம் ஊரில் ஒரே வைத்தியம்தான்: "ஃபார்மேட் அடிச்சிடலாம் அண்ணே." உள்ளே என்ன இருக்கிறது, போனால் திரும்ப வருமா என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் படிப்பு வட்டத்தின் கணினிக்கும் இதே தீர்ப்புதான் வந்தது. அதில் இருந்தவை ஊர்ப் பெரியவர்கள் பேசிய காணொளிகள். பேசியவர்களில் இருவர் இன்று உயிரோடு இல்லை. இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கப் பணம் சேர்ந்துகொண்டிருந்த நேரம் அது.

உபுண்டு 22.04, செகண்ட் ஹேண்டில் வாங்கிய கணினி, என்விடியா கார்டு. டெர்மினலில் 'என்விடியா-எஸ்எம்ஐ' என்று அடித்தால் 'டிரைவர்/லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்' என்று ஒரே ஒரு வரி. பார்க்க வந்த தம்பி அந்த வரியைப் படிக்கவே இல்லை. கார்டு எரிந்துவிட்டது என்றார் முதலில். பிறகு ஃபார்மேட் என்றார்.

அந்த வரி தெளிவாகவே பேசுகிறது, தோழர்களே. டிரைவர் என்பது இரண்டு பாதி. ஒரு பாதி கெர்னலுக்குள் ஏறி உட்காரும் மாட்யூல். மறுபாதி, வீடியோ எடிட்டர் போன்ற புரோகிராம்கள் கூப்பிடும் லைப்ரரி. இரண்டின் பதிப்பு எண்ணும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தாக வேண்டும். உபுண்டு தானாக அப்டேட் ஆகும்போது டிஸ்கில் உள்ள லைப்ரரி புதிதாகிவிடும். ஏற்கனவே ஏறி ஓடிக்கொண்டிருக்கும் மாட்யூல் பழையதாகவே நிற்கும். பெரும்பாலும் ஒரு ரீஸ்டார்ட் போதும்.

எங்களுக்குப் போதவில்லை. '/ப்ராக்/டிரைவர்/என்விடியா/வெர்ஷன்' கோப்பைத் திறந்தால் மாட்யூல் 535.129.03. 'டிபிகேஜி' பட்டியலில் லைப்ரரி 535.154.05. முன்பு யாரோ '.ரன்' கோப்பை இறக்கி நேரடியாக நிறுவியிருக்கிறார்கள். அதன்மேல் உபுண்டுவின் பேக்கேஜும் வந்து ஏறியிருக்கிறது. ஒரு வீட்டுக்கு இரண்டு பூட்டு. எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் பழைய மாட்யூல்தான் முந்திக்கொள்ளும்.

'என்விடியா-அன்இன்ஸ்டால்' கொடுத்து '.ரன்' நிறுவியதை முதலில் கழற்றினோம். பிறகு 'ஆப்ட் பர்ஜ்' போட்டு மிச்ச பேக்கேஜ்களையும் துடைத்தோம். 'உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்', ஒரு ரீஸ்டார்ட். இவ்வளவுதான். இதில் எந்தப் படியும் ஹோம் ஃபோல்டரைத் தொடுவதில்லை. காணொளிகள் வைத்த இடத்திலேயே இருந்தன.

உள்ளே நடப்பதைத் திறந்து காட்டாத டிரைவர் என்பதில் கோபம் பழையது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2012இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் கேமராவைப் பார்த்து விரலைக் காட்டியது இதற்காகத்தான். 2022 மே மாதம் கெர்னல் மாட்யூலின் மூலநிரல் வெளியானது. மேல்பாதி இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.

'ஆப்ட்-மார்க் ஹோல்ட்' போட்டு டிரைவரை அப்படியே நிறுத்திவிடு என்று சிலர் யோசனை சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை, பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்தே நின்றுபோகும். அப்டேட் வந்த அன்றே ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள். அதன்பிறகு மாட்யூலே ஏறவில்லை என்றால் 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' பாருங்கள். புதிய கெர்னலுக்கு ஹெடர்ஸ் இல்லாமல் மாட்யூல் உருவாகாமல் போயிருக்கலாம், அல்லது செக்யூர் பூட் அதை உள்ளே விடாமல் தடுத்திருக்கலாம்.