மகள் உயர்த்திய கொடி

சனிக்கிழமைகளில் ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் எங்கள் வீட்டில் விசில்களும் கொடிகளும் வெளியே வந்துவிடும். சிறுவர் கால்பந்துப் போட்டிகளுக்கு நானும் என் மகனும் மகளும் ஒரே குழுவாக நடுவர் பணிக்குச் செல்கிறோம். ஒருவர் மைய நடுவர். மற்ற இருவர் எல்லைக்கோட்டில் கொடியுடன் நிற்கும் துணை நடுவர்கள். என் மனைவி தண்ணீரையும் தொழுகை விரிப்புகளையும் காரில் எடுத்து வைப்பார். இரண்டு போட்டிகளுக்கு நடுவே மைதானத்தின் ஓரத்திலேயே லுஹரை நிறைவேற்றிக்கொள்வோம்.

காயல்பட்டினத்தில் பந்தாடி வளர்ந்தவன் நான். பிழைப்புக்காக அமெரிக்காவின் நியூஜெர்சிக்கு வந்த பின், வளரும் பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய ஒரு காரியத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். இங்கே தொடக்கநிலை நடுவர் பயிற்சியில் 13 வயதிலேயே சேரலாம். மகன் முதலில் சேர்ந்தான். அவனுக்குத் துணையாகச் சென்ற நானும் சேர்ந்துவிட்டேன். மகளும் 13 வயது நிறைந்ததும் எங்களுடன் இணைந்தாள். தலைமறைப்பு அணிந்து ஆடுவதற்குக் கால்பந்து விதிகள் 2014இல் அனுமதி அளித்துவிட்டன. ஆகவே அவளது உடையைப் பற்றி எவரும் வினா எழுப்பவில்லை.

கால்பந்துக்கு 17 விதிகள். அவற்றுள் பதினொன்றாவதான ஆஃப்சைடு விதிதான் துணை நடுவரின் கண்ணை அதிகம் சோதிப்பது. கோல்கீப்பரையும் சேர்த்து எண்ணினால், எதிரணியில் கடைசிக்கு முந்தி நிற்கும் ஆட்டக்காரருக்கு நேராகத் துணை நடுவர் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். பந்து உதைக்கப்படும் அந்த நொடியில் யார் எங்கே நின்றார் என்பதற்கு அவரே சாட்சி. ஆனால் இறுதி முடிவு மைய நடுவருடையது.

சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு நாள், 12 வயதுக்குட்பட்டோர் போட்டி. பக்கத்துக்கு ஒன்பது பேர். முப்பது முப்பது நிமிடங்களாக இரு பாதி. நான் மைய நடுவர். இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் மகள் உயர்த்திய கொடியை ஏற்று ஓர் அணியின் கோலை மறுத்தேன். உடனே அந்த அணியின் பெற்றோர் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது: “அப்பனும் மகளும் சேர்ந்து தீர்ப்பு எழுதுகிறார்கள்!” சிலர் சிரித்தனர். அந்தச் சொல் என்னை விட்டு அகலவில்லை.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்ற நிலையில், முடிய இரண்டு நிமிடங்களே இருந்தன. அதே அணியின் சிறுவன் பந்தைப் பெற்றுக் கோல் அடித்தான். நான் மைதானத்தின் நடுவே, வெகுதூரம் பின்தங்கியிருந்தேன். மகளின் கொடி மேலே நின்றது. ஒரு கணம் அவளைப் பார்த்தேன். ஒரு கணம் பெற்றோர் பக்கத்தைப் பார்த்தேன். கொடியை இறக்குமாறு கையசைத்துவிட்டுக் கோலை அறிவித்தேன்.

ஆட்டம் மீண்டும் தொடங்கும்வரை நடுவர் தம் முடிவை மாற்றிக்கொள்ள விதி இடமளிக்கிறது. எல்லைக்கோட்டுக்கு நடந்து சென்று அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்காமலேயே ஆட்டத்தைத் தொடங்க விசில் ஊதினேன். தோற்ற அணியின் கோல்கீப்பர் கையுறையால் கண்களைத் துடைத்துக்கொண்டு வெளியேறினான்.

காரில் நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு மகள் கேட்டாள்: “வாப்பா, அந்தப் பையன் ஓரடி முன்னால் நின்றான். நான் நன்றாகப் பார்த்தேன். அங்கே கொடியோடு நின்றது வேறொரு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் நீங்கள் கேட்டிருப்பீர்கள்தானே?”

என்னிடம் பதில் இல்லை. காரைத் திருப்பினேன். தோற்ற அணியின் பயிற்சியாளர் இன்னும் பந்துகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தார். “துணை நடுவர் சரியாகப் பார்த்தார், தவறு என்னுடையது” என்று சொன்னேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். முடிவு மாறவில்லை, மாறவும் முடியாது. பின்பு மகளிடம் அவளுடைய உம்மாவும் காக்காவும் கேட்க மன்னிப்புக் கேட்டேன்.

அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம், நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமானாலும் நீதியில் நிலைத்து நிற்கப் பணிக்கிறது. சொந்தங்களுக்குச் சலுகை காட்டக் கூடாது என்ற பாடமாகவே அதை இதுநாள்வரை வாசித்து வந்தேன். மன இச்சையைப் பின்பற்றி நீதி தவறிவிட வேண்டாம் என்றும் அவ்வசனம் எச்சரிக்கிறது. ‘பாரபட்சமற்றவர்’ என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்பதும் இச்சைதான்; அதில் முகஸ்துதியின் வாடை இருக்கிறது. பிறர் மெச்சுவதற்காகச் சொந்தப் பிள்ளையின் உண்மைச் சாட்சியத்தைத் தள்ளினேன். அந்த அநீதி அவளோடு நிற்காமல், முன்பின் அறியாத ஒரு சிறுவனையும் அழவைத்தது. பிறர் முன்னிலையில் நம் பிள்ளைகளை நாம் கூடுதலாகக் கடிந்துகொள்ளும் தருணங்களிலும் இந்த நோய் ஒளிந்திருக்கக்கூடும்.

இப்போது ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் எங்களுக்குள் ஓர் உடன்பாடு உண்டு: கொடியை ஏற்க மறுப்பதாக இருந்தால், அருகே சென்று கேட்ட பிறகே மறுக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை மகன் மைய நடுவர்; கொடி என் கையில். பந்து எல்லைக்கோட்டைக் கடந்தபோது நீல அணிக்கு எறிதல் என்று காட்டினேன். பந்து கடைசியாக யார் காலில் பட்டது என்பதை அருகிலிருந்து பார்த்த அவன் என்னிடம் ஓடிவந்து, “வாப்பா, உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்ததா?” என்று கேட்டான். “இல்லை” என்றேன். எறிதலை வெள்ளை அணிக்குக் கொடுத்தான். நான் கொடியை இறக்கினேன்.