கதீமும் ஜதீதும்

ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்களை ஓதப் புகும் மாணவன் தொடக்கத்திலேயே இரண்டு சொற்களைச் சந்திக்கிறான். ஒன்று ‘கவ்லுல் கதீம்’. மற்றொன்று ‘கவ்லுல் ஜதீத்’. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் பக்தாதில் வாழ்ந்தபோது உரைத்த தீர்ப்புகள் கதீம், அதாவது பழைய சொல். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்துக்குக் குடிபெயர்ந்து, ஹிஜ்ரி 204இல் (கி.பி. 820) அங்கேயே மறையும் வரை ஆராய்ந்து உரைத்தவை ஜதீத், புதிய சொல். இரண்டும் முரண்படுமிடத்துப் புதியதைக் கொள்க என்பது பொது விதி. ஆயினும் அம்மத்ஹபின் பேரறிஞர்கள் அவ்விதியோடு நின்றுவிடவில்லை. எண்ணி எடுத்த சில மஸ்அலாக்களில் பழைய சொல்லே ஆதாரத்தால் வலுவுடையது எனக் கண்டு, அதன்படியே ஃபத்வா வழங்கினார்கள். மஃரிபுத் தொழுகையின் நேரம் செவ்வானம் மறையும் வரை நீளும் என்பது அவ்வாறு நிலைபெற்ற பழைய சொற்களுள் ஒன்று.

அடியேன் ஹனஃபி மத்ஹபினன். எனினும் மத்ரஸாவில் இந்தப் பாடத்தை ஓதிக் கொடுக்கும்போதெல்லாம் அவ்வறிஞர்களின் நடுநிலையை வியப்பதுண்டு. புதியது என்பதனால் ஒன்று வெல்வதில்லை. பழையது என்பதனால் ஒன்று தோற்பதுமில்லை. ஒவ்வொரு மஸ்அலாவையும் தனித்தனியே எடுத்து நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்தில் எழுந்த ஒரு வழக்கில் இந்த நிறுத்துப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. வழக்கு, கைப்பேசியைப் பற்றியது.

என் தங்கை இளம்பிள்ளையிலேயே, இரண்டு தெரு தள்ளி வாழ்கிறாள். கணவரை இழந்தவள். அவளுடைய மகன் ஓசூர்ப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பணி செய்கிறான். அவன் எழுத்துக் கூட்டிப் படித்தது என்னிடம். அந்தக் கடனை எண்ணியோ என்னவோ, விடுமுறையில் வந்தவன், “மாமு, உங்க போன் ரொம்பப் பழசாயிடுச்சு. புதுசு ஒண்ணு வாங்கித் தரேன்” என்றான். விலை 14,000 ரூபாய். என்னுடையது 2019ஆம் ஆண்டில் வாங்கியது, 3 ஜி.பி. நினைவகம், 32 ஜி.பி. சேமிப்பு. அவன் காட்டியது 8 ஜி.பி. நினைவகம், 128 ஜி.பி. சேமிப்பு. 2022 அக்டோபரில் நம் நாட்டில் தொடங்கிய 5ஜி அலைவரிசையையும் அது பிடிக்கும். தாளில் வைத்துப் பார்த்தால் ஜதீதுக்கே வெற்றி.

ஆனால் என் கைப்பேசிக்கு உண்மையில் என்ன நேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமல்லவா? அதன் முதன்மையான குறை, காலையில் நிரப்பிய மின்சாரம் லுஹருக்குள் தீர்ந்துவிடுவது. அது கருவியின் மூப்பன்று, மின்கலத்தின் மூப்பு. லித்தியம் அயனி மின்கலம் வேதிவினையால் இயங்குவது. ஏறத்தாழ ஐந்நூறு முறை முழுமையாக நிரப்பித் தீர்த்தால் அதன் கொள்ளளவு ஐந்தில் நான்கு பங்காகக் குறையும் என்பது பரவலான கணக்கு. ஆறாண்டுகள் நாள்தோறும் நிரப்பியது எத்தனை முறை என்று வாசகர்களே பெருக்கிப் பார்க்கலாம். மின்கலத்தை மாற்றினால் நோயில் பெரும்பாதி போய்விடும்.

இவ்விடத்தில் ஒரு பழைய செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம், மின்கலம் நலிந்த தன் பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியே தான் குறைத்திருப்பதாக ஒப்புக்கொண்டது. கருவி திடீரென அணைந்துவிடாமல் காக்கவே அவ்வாறு செய்ததாக விளக்கமும் தந்தது. எழுந்த எதிர்ப்பின் பயனாக, அமெரிக்காவில் 79 டாலராக இருந்த மின்கல மாற்றுக் கட்டணம் 2018இல் 29 டாலராக இறங்கியது. போன் மெதுவாகிவிட்டதே என்று புதியது வாங்கப் புறப்பட்டவர்களில் எத்தனையோ பேருக்கு ஒரு மின்கலமே போதுமானதாக இருந்திருக்கும்! ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் இதற்கெல்லாம் சட்டமே வகுத்துவிட்டது. எண்ணூறு முறை நிரப்பிய பின்னும் மின்கலத்தில் 80 விழுக்காடு கொள்ளளவு இருக்க வேண்டும். மாதிரி ஒன்றின் விற்பனை நின்ற பின்னும் ஐந்தாண்டுகளுக்கு மென்பொருள் புதுப்பிப்பு தர வேண்டும் என்பன அதன் கூறுகளுள் சில.

மென்பொருள் என்றதும் இன்னொரு மூப்பு நினைவுக்கு வருகிறது. அது கண்ணுக்குத் தெரியாதது. ஆகையால் மின்கலத்தின் மூப்பைவிட அஞ்சத்தக்கது. திருடர் புகும் ஓட்டைகள் புதிது புதிதாகக் கண்டறியப்படுகின்றன, அவற்றை அடைக்கும் ஒட்டுகளைத் தயாரிப்பாளர் சில காலம் அனுப்புகிறார், பிறகு நிறுத்திவிடுகிறார். என் கைப்பேசிக்கு அவை வருவது நின்று சில ஆண்டுகள் ஆகின்றன. வாட்ஸ்அப்பும் 2025 ஜனவரி முதல் ஆண்ட்ராய்டு 5.0க்கு முற்பட்ட கருவிகளைக் கைவிட்டது. என்னுடையது அந்த எல்லைக்குள் இன்னும் வரவில்லை. விலை உயர்ந்த மாதிரிகளுக்குக் கூகுள் 2023இலும், சாம்சங் 2024இலும் ஏழாண்டுகள் வரை புதுப்பிப்பு தருவதாக அறிவித்தன. 14,000 ரூபாய்க் கருவிக்கு அந்த ஆயுளை எதிர்பார்த்தல் வீண். ஆகவே புதியதை வாங்குவோர் கேமரா எத்தனை என்று எண்ணுமுன், புதுப்பிப்பு எத்தனை ஆண்டு என்று கேட்பது நலம்.

‘ஐந்தாண்டுக்கு முந்தைய உயர்தர மாதிரியை இரண்டாம் கையாக வாங்கலாமே’ என்றும் ஒரு நண்பர் சொன்னார். வேகத்தில் அது புதிய மலிவுக் கருவியை வெல்லக்கூடும். ஆனால் புதுப்பிப்பு முடியும் காலத்தில் வாங்குவதாகிவிடும். திருட்டுப் பொருளா என்ற ஐயமும் உண்டு. *#06# என்று அழுத்தினால் தோன்றும் பதினைந்து இலக்க எண்ணை, KYM என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை முன்னிட்டு 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அதனைச் சரிபார்க்கலாம். பிறர் உடைமையை அறியாமல் வாங்கிவிடக் கூடாதே என்று அஞ்சுவோருக்கு இது பேருதவி.

இனி, என் கதீமில் இருந்து ஜதீதில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அது காந்தமானி. திசை காட்டும் செயலிக்கு இந்தச் சிற்றுறுப்பு வேண்டும். விலை குறைந்த சில மாதிரிகளில் செலவைச் சுருக்க இதனை விட்டுவிடுகிறார்கள். மருமகன் காட்டிய மாதிரியின் விவரப் பட்டியலைத் தேடினேன், அதில் இல்லை. நம் சேலத்துப் பகுதியிலிருந்து கிப்லா, நேர்மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 20 பாகை சாய்ந்திருக்கிறது. வயற்காட்டிலும் வழிப்பயணத்திலும் அதனைக் கண்டுகொள்ளக் கருவி உதவும். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. எங்கள் ஊருக்கு அருகே நிற்கும் கஞ்சமலை, காந்தக்கல் எனப்படும் மேக்னடைட் இரும்புத்தாது படிந்த மலை. சேலத்து இரும்புத்தாதுவை நம்பித்தான் 1830களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். அத்தகைய பாறையருகே நின்றால் எந்தக் காந்த முள்ளும் பிசகலாம். பிசகாத திசைகாட்டி ஒன்று உண்டு. ஆண்டுதோறும் மே 28, ஜூலை 16 ஆகிய நாள்களை ஒட்டி, நம் நேரப்படி முறையே பிற்பகல் 2.48, 2.57 மணியளவில் கதிரவன் கஅபாவின் உச்சிக்கு நேரே வருகிறது. அப்போது கதிரவனை முன்னோக்கினால் அதுவே கிப்லா. எல்லாக் கைப்பேசிகளுக்கும் கதீமான கருவி அது!

இவ்வாறு நான் எனக்கென நிறுத்துக்கொண்டிருந்தேன். வழக்கின் மறுபக்கம், என் தங்கையின் வீட்டுத் திண்ணையில் இருந்தது.

இளம்பிள்ளை, சேலையால் வாழும் ஊர். தறியின் ஓசை ஓய்ந்த தெரு இங்கே அரிது. முன்பு சேலை வாங்க வெளியூரார் இங்கே வந்தார்கள். இப்போது படம் அவர்களிடம் போகிறது. தங்கையும் தறிக்காரர்களிடம் சேலை எடுத்து, படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி விற்கிறாள். கருநாடகத்திலும் ஆந்திரத்திலும் அவளுக்கு வாடிக்கையாளர்கள் உண்டு. அவள் கையில் இருந்ததோ என்னுடையதைக் காட்டிலும் பழையது, 16 ஜி.பி. சேமிப்பு. நாளொன்றுக்கு நூறு படம் வந்து விழும் தொழிலில் அது எம்மாத்திரம்? வெள்ளிதோறும் உட்கார்ந்து பழைய படங்களை அழிப்பாள். அவற்றோடு வாடிக்கையாளர் முகவரியும் அழிந்துபோகும். கத்தரிப்பூ நிறச் சேலை படத்தில் நீலமாக விழும். நீலமென்று வாங்கியவர் திருப்பி அனுப்புவார். போக வரக் கூரியர் கட்டணம் இவள் தலையில்.

இவையெல்லாம் நான் அறிந்தவை. அறியாதது ஒன்று இருந்தது. அவளுடைய வங்கியின் செயலி, பழைய ஆண்ட்ராய்டில் இயங்காது என்று சொல்லி நின்றுவிட்டதாம். வாங்கியவர் பணம் செலுத்தினாரா என்று பார்க்க, ஒவ்வொரு முறையும் அண்டை வீட்டுப் பிள்ளையின் கைப்பேசியை நாடியிருக்கிறாள். தன் வருவாய் இன்னதென்று அயலார் பார்க்க, அவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை. இதை அவள் மகனிடம் சொல்லவில்லை. அவன் முதலில் புதுப் போனை அவளுக்கே வாங்க முற்பட்டபோது, “எனக்கு எதுக்குடா? மாமுவுக்கு வாங்கிக் கொடு, அவங்கதான் உன்னைப் படிக்க வச்சாங்க” என்று திருப்பிவிட்டிருக்கிறாள். அண்டை வீட்டுப் பிள்ளையே பேச்சுவாக்கில் என்னிடம் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

கர்நாட்டாவில் வாழ்ந்து ஹிஜ்ரி 790இல் மறைந்த இமாம் ஷாத்திபீ (ரஹ்), ‘அல் முவாஃபகாத்’ என்னும் நூலில் மனிதனின் நலன்களை மூன்று படிகளாக விரிக்கிறார்கள். ளரூரிய்யாத்: அவை இன்றேல் வாழ்வே குலையும். ஹாஜிய்யாத்: அவை இன்றேல் வாழ்வு இடரும். தஹ்ஸீனிய்யாத்: வாழ்வுக்கு அழகு செய்பவை. ஒரே கைப்பேசி, கைக்குக் கை படி மாறுகிறது. என் கையில் அந்தப் புதுக்கருவி மூன்றாம் படியில் நிற்கும். ஓதுவதற்கும், அகராதி பார்ப்பதற்கும், பேசுவதற்கும் பழையது போதும். வங்கிக் கணக்கை நான் அதில் வைத்துக்கொண்டதில்லை. பாஸ்புக்கோடு வங்கிக்குப் போய் வருகிறேன். தங்கையின் கையிலோ அது இரண்டாம் படியைத் தாண்டி முதற்படியின் வாயிலைத் தொடுகிறது. தீர்ப்பு எழுத இதற்குமேல் என்ன வேண்டும்?

ஆனால் தீர்ப்பை நிறைவேற்றுவது எளிதாக இல்லை. கருவி வந்து சேர்ந்தபின், “நீ வைத்துக்கொள்” என்றால் அவள் வாங்கமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே மகன் முன்னிலையில், “இதில் காந்தமானி இல்லை, கிப்லா காட்டாது. எனக்கு இது ஆகாது” என்றேன். பேச்சணி இலக்கணத்தில் இதற்குத் ‘தவ்ரியா’ என்று பெயர்: சொன்னது உண்மையே, கருதியது அதற்கு அப்பால் இருப்பது. மருமகன் வாடிய முகத்தோடு, “வேற மாடல் மாத்தித் தரேன் மாமு” என்றான். “இதையே உன் அம்மாவிடம் கொடு, என்னுடையதற்கு மின்கலம் மட்டும் மாற்றித் தா” என்றேன்.

தங்கை என்னை உற்றுப் பார்த்தாள். “அண்ணே, அந்தப் பையன் உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னானா?” என்றாள்.

“எந்தப் பையன்?” என்று நான் கேட்டேன். அது கேள்வியேயன்றி மறுப்பன்று. இதையும் தவ்ரியாவில் சேர்க்கலாமா என்பதை இலக்கணம் வல்லோர் முடிவு செய்துகொள்ளட்டும்.

சேலத்தில் ஒரு கடையில் 1,100 ரூபாய்க்கு மின்கலம் மாற்றியாயிற்று. இப்போது இஷா வரை தாங்குகிறது. தங்கை படங்களை அழிப்பதில்லை. வங்கிச் செயலியை மகனே அமைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். கத்தரிப்பூ நிறம் மட்டும் புதிய கேமராவிலும் சற்று நீலமாகவே விழுகிறது. வெள்ளைத் துணி ஒன்றை அருகே விரித்து, காலை வெளிச்சத்தில் படம் பிடித்து, ‘நிறம் நேரில் இன்னும் சிவந்திருக்கும்’ என்று அடியில் எழுதி அனுப்புகிறாள்.